சிசிலி: பாங்கொலி கேட்ட மத்தியதரைக் கடல் தீவு

முஸ்லிம் ஸ்பெயினைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருப்போம். குர்துபாவின் பெரிய பள்ளிவாசலும் கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகையும் நம் இல்லங்களில் நாட்காட்டிப் படங்களாகத் தொங்கியிருக்கின்றன. ஆனால் அதே மத்தியதரைக் கடலின் நடுவே உள்ள சிசிலித் தீவையும் முஸ்லிம்கள் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆட்சி கைவிட்டுப் போன பிறகும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் வேற்று மத மன்னர்களின் கீழ் அவர்கள் அங்கே வாழ்ந்தார்கள்.

ஆண்ட காலத்தின் பெருமையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஆனால் சிறுபான்மையாக வாழ்ந்த அந்த நூற்றைம்பது ஆண்டுகளின் கதையே இன்றைய நமக்கு அதிகம் சொல்கிறது. ஒரு சமூகம் எதனால் நிலைத்து நிற்கிறது, எதனால் கரைந்து போகிறது என்ற கேள்வி ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்யும் எந்தச் சங்கத்திற்கும் உரிய கேள்விதானே!

நிலமும் மக்களும்

மத்தியதரைக் கடலில் உள்ள தீவுகளில் மிகப் பெரியது சிசிலி. முக்கோண வடிவம் கொண்டது. பரப்பளவு 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதாவது சிங்கப்பூரைப் போல் சுமார் முப்பத்தைந்து மடங்கு. வடகிழக்கு மூலையில் மெஸ்ஸினா நீரிணை இத்தாலிப் பெருநிலத்திலிருந்து அதைப் பிரிக்கிறது. அந்த நீரிணை மிகக் குறுகிய இடத்தில் மூன்று கிலோமீட்டர் அகலமே உடையது. தென்மேற்கே சுமார் 150 கிலோமீட்டர் கடல் கடந்தால் ஆப்பிரிக்காவின் துனீசியா. ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே போட்ட படிக்கல் போல அமைந்த இத்தீவு, கடலை ஆள நினைத்த எல்லோருக்கும் வேண்டிய இடமாக இருந்ததில் வியப்பில்லை.

கிழக்கில் 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது எட்னா எரிமலை. இன்றும் அவ்வப்போது புகைந்து நெருப்பைக் கக்குகிறது. அதன் சாம்பல் படிந்த மண் மிக வளமானது. கோடையில் கடும் வெயில், குளிர்காலத்தில் மழை என்பது அங்குள்ள பருவநிலை. கோதுமையும் ஒலிவமும் திராட்சையும் தொன்று தொட்டு விளைந்தன. இன்று அங்கே ஏறத்தாழ 48 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். தலைநகர் பலெர்மோ.

ஃபினீசியர்களும் கிரேக்கர்களும் இங்கே குடியேறினர். கிரேக்கர் அமைத்த சிரகூஸ் நகரில்தான் அறிவியல் மேதை ஆர்க்கிமிடீஸ் பிறந்து, கி.மு. 212இல் ரோமானியப் படைவீரன் ஒருவன் கையால் மாண்டார். இத்தாலிக்கு வெளியே ரோமர்கள் அமைத்த முதல் மாகாணம் சிசிலி. பின்னர் பைசாந்தியப் பேரரசின் கைக்கு அது வந்தது.

காஜியின் தலைமையில் வந்த கப்பல்கள்

கி.பி. 827, ஹிஜ்ரி 212. சிசிலியின் பைசாந்தியக் கடற்படைத் தளபதி யூஃபீமியஸ் தன் பேரரசருக்கு எதிராகக் கலகம் செய்து தோற்று, வட ஆப்பிரிக்காவை ஆண்ட அஃலபி அமீர் ஸியாதத்துல்லாஹ்விடம் உதவி கேட்டு வந்தான். கைரவான் நகரில் ஆலோசனை நடந்தது. இறுதியில் புறப்பட்ட படைக்குத் தலைமை ஏற்றவர் எழுபது வயதை எட்டிய ஒரு மார்க்க அறிஞர். கைரவானின் காஜியான அஸத் இப்னுல் ஃபுராத் அவர்கள்தாம் அவர். மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமும், ஈராக்கில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் முஹம்மது ஷைபானி (ரஹ்) அவர்களிடமும் பாடம் கேட்டவர்.

மஸாரா கடற்கரையில் படை இறங்கியது. மறு ஆண்டே, சிரகூஸ் முற்றுகையின்போது அஸத் அவர்கள் இறந்தார்கள். போர் மட்டும் நீண்டது. 831இல் பலெர்மோ வசமாயிற்று. சிரகூஸ் 878இலும் தாவோர்மீனா 902இலும் வீழ்ந்தன. தீவு முழுவதும் கைக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இதில் இரத்தமும் கண்ணீரும் நிறைய உண்டு. அதை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

அஃலபிகளுக்குப் பின் ஃபாத்திமிகள் வந்தனர். 948 முதல் கல்பி குடும்பத்து அமீர்கள் பலெர்மோவில் இருந்து ஆண்டனர். தீவின் மேற்குப் பகுதியில் முஸ்லிம்கள் பெருகினர். வடகிழக்கு மலைகளில் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் ஜிஸ்யா வரி செலுத்தித் தங்கள் வழிபாட்டைத் தொடர்ந்தனர். பலெர்மோவில் யூதர்களும் அரபு பேசி வாழ்ந்தனர்.

நீர் வந்தது, நாரத்தை வந்தது

கோடையில் வறண்டு போகும் தீவுக்கு அரபிகள் கொண்டுவந்த மிகப் பெரிய கொடை நீர்ப்பாசன அறிவு. பூமிக்கடியில் சரிவாகக் கால்வாய் வெட்டி, ஊற்று நீரை நகருக்குக் கொண்டுவரும் 'கனாத்' முறையைப் பலெர்மோவில் இன்றும் பார்க்கலாம். நீர்த்தொட்டி, வாய்க்கால், நீர் இறைக்கும் சக்கரம் ஆகியவற்றுக்குச் சிசிலி விவசாயிகள் வழங்கும் ஜெபியா, சாயியா, செனியா என்ற சொற்கள் மூன்றும் அரபுச் சொற்களே.

நீர் வந்ததும் தோட்டங்கள் வந்தன. எலுமிச்சை, புளிப்பு ஆரஞ்சு, கரும்பு, பருத்தி போன்றவை இங்கே செழித்தன. ஆரஞ்சுக்கு அரபியில் 'நாரஞ்' என்று பெயர். பாரசீகத்தின் வழியாகவும் சமஸ்கிருதத்தின் வழியாகவும் பின்னோக்கிப் போனால், நம் 'நாரத்தை' போன்ற ஒரு தென்னிந்தியச் சொல்லே இதற்கு மூலம் என்பது மொழியியலார் பலரின் கருத்து. நம் ஊரில் ஊறுகாய் போடும் காயின் உறவுக்காரப் பெயர் அரபு வணிகரோடும் உழவரோடும் பயணம் செய்து, ஐரோப்பாவின் நாவில் போய் அமர்ந்திருக்கிறது!

முந்நூறு பள்ளிவாசல்கள்

973ஆம் ஆண்டு பலெர்மோவுக்கு வந்த பயணி இப்னு ஹவ்கல், அந்நகரில் முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதுகிறார். இந்த எண்ணிக்கையைப் பெருமையோடு மேற்கோள் காட்டுவோர், அவர் அடுத்து எழுதியதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

ஓர் அம்பு எய்யும் தொலைவுக்குள் பத்துப் பள்ளிவாசல்களைக் கண்டு, ஏன் இப்படி என்று அவர் விசாரித்தார். ஒவ்வொருவருக்கும் தன் குடும்பத்துக்கென்று தனிப் பள்ளி வேண்டும் என்ற பெருமைதான் காரணம் என்று விடை வந்தது. ஒட்டிய சுவர்களைக் கொண்ட அடுத்தடுத்த வீடுகளில் வாழும் அண்ணன் தம்பிகள்கூட ஆளுக்கொரு பள்ளி கட்டிக்கொண்டதாக அவர் குறிப்பிடுகிறார். இப்னு ஹவ்கல் கடுமையாக விமர்சிக்கும் சுபாவம் உடையவர். சிசிலி மக்களை அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் அவர் கண்டது வெறும் கற்பனையன்று என்பதை அடுத்த நூற்றாண்டு காட்டிவிட்டது.

பதினோராம் நூற்றாண்டின் நடுவில் கல்பி ஆட்சி சிதறியது. நகரத்துக்கு ஒரு தலைவர் தோன்றி ஒருவரோடொருவர் மோதினர். அவர்களில் ஒருவரான இப்னுத் துமனா, தன் எதிரியும் மைத்துனருமான இப்னுல் ஹவ்வாஸை வீழ்த்துவதற்காக, இத்தாலியின் தென்பகுதியில் வேரூன்றியிருந்த நார்மன் வீரர்களைத் தாமே அழைத்து வந்தார். யூஃபீமியஸ் அன்று முஸ்லிம்களை அழைத்த அதே கதை, இம்முறை திசை மாறி நடந்தது. 1061இல் மெஸ்ஸினா, 1072இல் பலெர்மோ, 1091இல் கடைசி ஊரான நோத்தோ என்று எல்லாம் நார்மன்களிடம் போயின.

நார்மன் அரசவையில் அரபு

வென்ற நார்மன்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர். நாட்டை நடத்த அவர்களுக்கு முஸ்லிம் எழுத்தர்களும் கணக்கர்களும் கைவினைஞர்களும் வில்வீரர்களும் தேவைப்பட்டனர். அதனால் உலகில் அபூர்வமான ஓர் அரசு அங்கே உருவானது. அரசாணைகள் இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மும்மொழிகளிலும் வெளிவந்தன. நாணயங்களில் அரபு எழுத்து இருந்தது. மன்னர் இரண்டாம் ரோஜரின் தாயார் அடிலெய்டு 1109இல் கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதச் செய்த கடிதம் ஒன்று பலெர்மோவில் பாதுகாக்கப்படுகிறது. ஐரோப்பாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய தாள் ஆவணங்களில் அதுவும் ஒன்று. தாளில் எழுதும் பழக்கமே முஸ்லிம் உலகிலிருந்து வந்ததுதான்.

இரண்டாம் ரோஜருக்காக நெய்யப்பட்ட சிவப்புப் பட்டுப் போர்வையில், ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கம் தங்க நூலால் பின்னப்பட்டிருக்கிறது. அதன் ஓரத்தில் கூஃபி எழுத்தில் அரபு வாசகமும் ஹிஜ்ரி 528 என்ற ஆண்டும் உள்ளன. இன்று அது வியன்னாவில் இருக்கிறது. அவருடைய அரண்மனைத் தேவாலயத்தின் மரக்கூரையை வேய்ந்து வண்ணம் தீட்டியது முஸ்லிம் உலகின் கைவண்ணம். அங்கும் அரபு எழுத்துகள் உண்டு.

அறிவுலகில் அந்த அரசவையின் பெயரை நிலைநாட்டியவர் அல்இத்ரீசி. ரோஜரின் வேண்டுகோளின்படி பல ஆண்டுகள் உழைத்து, அன்று அறியப்பட்ட உலகம் முழுவதையும் விவரிக்கும் புவியியல் நூலை 1154இல் முடித்தார். வெள்ளித் தட்டு ஒன்றில் உலகப் படத்தையும் பொறித்துக் கொடுத்தார். அந்தத் தட்டு இன்று இல்லை; நூலும் வரைபடங்களும் உள்ளன. அவற்றில் தெற்கு மேலே இருக்கும். இந்தியக் கரைகளும் ஸரந்தீப் என்ற இலங்கையும் அந்த நூலில் இடம்பெற்றுள்ளன. சிசிலியில் அமர்ந்து ஒருவர் நம் முன்னோர் கலம் செலுத்திய கடலைப் பற்றி எழுதியிருக்கிறார்!

போவதா, இருப்பதா?

ஆனால் அரசவையின் ஒளி வேறு, ஊரில் வாழ்ந்த முஸ்லிமின் நிலை வேறு. வசதியும் கல்வியும் உடையோர் பலர் வட ஆப்பிரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் எகிப்துக்கும் புறப்பட்டுவிட்டனர். கவிஞர் இப்னு ஹம்தீஸ் இளம் வயதில் செவில் நகருக்குச் சென்றார். பிறந்த மண்ணை நினைத்து வாழ்நாள் எல்லாம் பாடிய அவர், 1133இல் இறக்கும்வரை திரும்பவே இல்லை.

ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் அல்மாஸரி (ரஹ்) அவர்களின் பெயர், இமாம் நவவி (ரஹ்) அவர்களின் விரிவுரையைப் படித்த நம் ஆலிம்களுக்கு நன்கு தெரியும். அவர்களுடைய பூர்வீகம் அஸத் இப்னுல் ஃபுராத் வந்திறங்கிய அதே மஸாராதான். வாழ்ந்ததோ துனீசியாவின் மஹ்திய்யாவில். அவர்களிடம் ஒரு கேள்வி வந்தது: முஸ்லிமல்லாத மன்னர் ஆளும் சிசிலியில் இருக்கும் காஜியின் தீர்ப்பும் அங்குள்ள சாட்சிகளின் சான்றும் செல்லுமா? செல்லும் என்ற கருத்தில் அவர்கள் ஃபத்வா அளித்தார்கள். அங்கே தங்கியிருப்பவருக்குத் தக்க காரணம் இருக்கலாம், அவரைப் பற்றி நல்லெண்ணமே கொள்ள வேண்டும், மக்களின் காரியங்கள் நின்றுவிடக் கூடாது என்பது அதன் சாரம். சிறுபான்மையாக வாழும் முஸ்லிமின் மார்க்க வாழ்வைப் பற்றி ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வளவு பரிவோடு சிந்தித்திருக்கிறார்கள்.

இப்னு ஜுபைர் கண்ட சிசிலி

1184 டிசம்பரில், ஹஜ்ஜை முடித்து ஸ்பெயினுக்குத் திரும்பிக்கொண்டிருந்த இப்னு ஜுபைரின் கப்பல் மெஸ்ஸினா அருகே உடைந்தது. கரை சேர்க்கும் படகுக்காரர்கள் கூலி கேட்டனர். கூலி கொடுக்க வழியில்லாத ஏழை முஸ்லிம்களுக்காக மன்னர் இரண்டாம் வில்லியமே பணம் கொடுத்தார் என்று நன்றியோடு எழுதுகிறார் இப்னு ஜுபைர். அந்த மன்னர் அரபி எழுதப் படிக்கத் தெரிந்தவர். அவருடைய சமையல் பொறுப்பாளரும் ஒரு முஸ்லிம்.

பலெர்மோவில் முஸ்லிம்களுக்குத் தனிக் குடியிருப்புகள் இருந்தன. பள்ளிவாசல்களில் பாங்கு ஒலித்தது. வழக்குகளைத் தீர்க்கக் காஜி இருந்தார். குழந்தைகளுக்குக் குர்ஆன் கற்பிக்கும் ஆசிரியர்கள் நிறைய இருந்தனர். ஆனால் குத்பா தடை செய்யப்பட்டிருந்ததால் ஜும்ஆ இல்லை; பெருநாளில் மட்டும் குத்பா ஓதினர். அந்த ஆண்டு நோன்புப் பெருநாளை அவர் திராப்பனி நகரில் கொண்டாடினார்.

இந்த வெளித்தோற்றத்துக்கு அடியில் இருந்த வேதனையையும் அவர் பதிவு செய்கிறார். மெஸ்ஸினாவில், வெளியில் கிறிஸ்தவராகவும் உள்ளத்தில் முஸ்லிமாகவும் வாழ்ந்த அரண்மனை அதிகாரி ஒருவர் அவரைத் தனியே அழைத்து, மக்கா மதீனாவைப் பற்றி ஆவலோடு கேட்டார். அந்தப் புனித பூமியிலிருந்து கொண்டுவந்த ஏதேனும் ஒரு பொருளைப் பரக்கத்துக்காகத் தருமாறு வேண்டினார். மற்ற ஊர்களில் கேட்டவை இன்னும் கொடுமை. வீட்டில் தகப்பன் கோபித்துக்கொண்டால், பிள்ளை தேவாலயத்துக்குள் போய்விடும். அதன் பிறகு பெற்றோருக்கு அதன்மேல் உரிமை இல்லை. அதனால் தம் பிள்ளைகளையே அதட்ட அஞ்சிப் பெற்றோர் வாழ்ந்தனர்.

திராப்பனியில் ஒரு பெரிய மனிதர் தம் மகனைப் பயணிகளிடம் தூது அனுப்பினார். பருவ வயதை நெருங்கிய தம் மகளைப் பயணிகளில் ஒருவர் மணந்துகொள்ள வேண்டும். அல்லது தம் ஊரில் நல்ல இடத்தில் மணமுடித்து வைக்க வேண்டும். எப்படியாவது அவளை முஸ்லிம் நாட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே வேண்டுகோள். தந்தையையும் உடன்பிறந்தோரையும் பிரிய நேரும் என்று தெரிந்தும் அந்தப் பெண் சம்மதித்தாள். மகளைக் கட்டிக் கொடுத்துக் கடல் கடந்து அனுப்பிய தாய் தந்தையர் நம் குடும்பங்களிலும் உண்டு. ஆனால் திரும்பி வரவே கூடாது என்று நினைத்து அனுப்பும் நிலை எவ்வளவு துயரமானது!

முடிவு

மன்னர் நல்லவராக இருக்கும்வரை பாதுகாப்பு இருந்தது. அரியணை ஆடியபோதெல்லாம் அடி விழுந்தது முஸ்லிம்கள் மீதுதான். 1161இல் நடந்த கலகத்தில் பலர் கொல்லப்பட்டனர். 1189இல் இரண்டாம் வில்லியம் வாரிசின்றி இறந்ததும் பலெர்மோவில் மீண்டும் படுகொலை. தப்பியவர்கள் மேற்கு மலைகளுக்கு ஓடினர். அங்கு ஏற்கெனவே பல முஸ்லிம் கிராமங்கள், மன்னர் கட்டிய மொன்ரியாலே மடாலயத்துக்கு நிலத்தோடு சேர்த்து எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன.

மலையில் முஹம்மது இப்னு அப்பாத் என்பவர் தலைமையில் கிளர்ச்சி நடந்தது. பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் அதை 1220களில் ஒடுக்கினார். இவர் பலெர்மோவில் வளர்ந்தவர். முஸ்லிம் அறிஞர்களோடு அறிவியல் கேள்விகளைப் பரிமாறிக்கொண்டவர். எகிப்தின் சுல்தான் அல்காமிலோடு 1229இல் போரின்றி உடன்படிக்கை செய்தவர். அவரேதான் சிசிலி முஸ்லிம்களைப் பிடித்துத் தென் இத்தாலியின் லூசேரா நகரில் கொண்டுபோய்க் குடியேற்றினார். அங்கே அவர்கள் பள்ளிவாசல் கட்டி, பயிர் செய்து, பேரரசரின் படையிலும் பணியாற்றி மூன்று தலைமுறை வாழ்ந்தனர். 1300ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் மன்னர் இரண்டாம் சார்லஸ் லூசேராவைத் தகர்த்தார். மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். அத்தோடு முடிந்தது சிசிலி முஸ்லிம்களின் வரலாறு.

இன்று எஞ்சியிருப்பவை

மக்கள் மறைந்தாலும் மண்ணும் மொழியும் மறக்கவில்லை. கல்தனிசேத்தா, கல்தஜிரோனே என்ற ஊர்ப் பெயர்களின் முன்பகுதி 'கல்அத்', அதாவது கோட்டை. மர்சாலா என்பதில் உள்ள 'மர்ஸா' துறைமுகம். அல்காந்தரா ஆறு 'அல்கன்தரா', அதாவது பாலம். பலெர்மோவில் 'லத்தரீனி' என்றொரு கடைத்தெரு உண்டு; அது அத்தர் விற்றவர்களின் 'சூக்குல் அத்தாரீன்'. அந்த நகரின் பேராலய வாசலில் உள்ள தூண் ஒன்றில் குர்ஆன் வசனம் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். அங்குள்ள அரபு-நார்மன் காலக் கட்டடங்களை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

திராப்பனியில் மீன் குழம்போடு 'குஸ்குஸ்' சாப்பிடுகிறார்கள். எள்ளுருண்டை போன்ற இனிப்பை, எள்ளின் அரபுப் பெயரான 'ஜுல்ஜுலான்' என்பதை ஒட்டி 'ஜுஜுலேனா' என்கிறார்கள். பரிதாபத்துக்குரியவரைப் பார்த்தால் சிசிலிக்காரர் 'மிஸ்கீனு' என்று இரக்கப்படுகிறார். நம் பாட்டிமார் 'பாவம், மிஸ்கீன்' என்று சொன்ன அதே சொல்! அருகிலுள்ள மால்ட்டாத் தீவின் மொழி, சிசிலி அரபியின் நேரடி வாரிசு. அதைப் பேசுவோர் கத்தோலிக்கர்கள். அவர்கள் இறைவனை 'அல்லா' என்றும், தங்கள் நாற்பது நாள் தவக்காலத்தை 'ரந்தான்' என்றும் அழைக்கிறார்கள். ரமளான்தான் ரந்தான் ஆனது.

கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து துனீசிய மீனவர்கள் குடும்பத்தோடு மஸாராவுக்கு வந்து குடியேறத் தொடங்கினர். அஸத் இப்னுல் ஃபுராத் படையோடு இறங்கிய கரையில், இன்று அவர்கள் வலையோடு இறங்கி, உழைத்துப் பிழைக்கிறார்கள்.

நமக்கு என்ன பாடம்?

சிசிலியில் சொல் நிலைத்தது, உணவு நிலைத்தது, வாய்க்கால் நிலைத்தது. அவற்றைக் கொண்டுவந்த சமூகம் நிலைக்கவில்லை. ஆகவே பண்பாட்டின் சுவடுகள் மட்டும் ஒரு சமூகத்தைக் காப்பாற்றிவிடுவதில்லை.

நம் நிலை அவர்களுடையதைப் போன்றதன்று. ஒரு மன்னரின் தயவில் நாம் வாழவில்லை. சட்டத்தின் முன் சமமான குடிமக்களாக, அண்டை அயலாரோடு கலந்து வாழ்கிறோம். அந்தச் சமத்துவத்தின் அருமையைச் சிசிலி நமக்கு உணர்த்துகிறது. அதைப் பேணும் கடமையில் நமக்கும் பங்கு உண்டு.

கற்றவரும் வசதி உள்ளவரும் விலகிப் போனபின், எஞ்சிய ஏழை உழவருக்காகப் பேச ஆளில்லாமல் போயிற்று என்பது அடுத்த பாடம். படித்து முன்னேறிய நம் பிள்ளைகள் சங்கத்தின் பக்கம் திரும்பி வந்து, பின்தங்கிய ஒரு குடும்பத்தின் கையைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் நாம் அந்தத் தவற்றைத் தவிர்க்கிறோம்.

கடைசியாக, இப்னு ஹவ்கல் கண்ட அந்த அண்ணன் தம்பிகள். ஒட்டிய சுவருக்கு இருபுறமும் ஆளுக்கொரு பள்ளிவாசல். ஒரே பள்ளியில் தோளோடு தோள் நின்றிருந்தால் வரலாறு மாறியிருக்குமா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஐம்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் கூடி, கருத்து வேறுபட்டும் பிரியாமல் இருந்த நம் பெரியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அந்தக் கூரையைக் காக்கும் பொறுப்பு நம் பிள்ளைகளுடையது.